கொண்டை ரகசியமும் ஒன்பது எண்ணெய்க் குப்பிகளும்

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, குடை ரிப்பேர்க் கடையின் மாடியில், 'ஆசீர்வாதம் துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதற்குக் கீழே 'ரகசியம் காக்கப்படும்' என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. போன வருஷத்து மழையில் 'ரகசியம்' கரைந்து ஓடிவிட்டது. மிச்சம் இருப்பது 'காக்கப்படும்' மட்டும்தான். எதை என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

பலகையின் சொந்தக்காரர் ஆசீர்வாதத்துக்கு வயது ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருஷம் ஒரு தேயிலை ஃபேக்டரி வாசலில் கேட் செக்கிங் பார்த்தவர். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் தூக்குச்சட்டியிலோ பையிலோ தேயிலைத்தூளை ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று பார்க்கிற உத்தியோகம். அத்தனை வருஷத்திலும் அவர் பிடித்தது மூன்றே முக்கால் கிலோ. அதில் இரண்டு கிலோ அசிஸ்டென்ட் மேனேஜரின் பையில் இருந்தது. அதைப் பிடித்த மறுவாரம்தான் அவர் துப்பறியும் தொழிலுக்கு வந்தார்.

வந்து நாலு வருஷமாகிறது. காணாமல் போன ஆடுகள் இரண்டு, மொட்டைக் கடுதாசி ஒன்று. ஆடுகளில் ஒன்று தானாகவே வீடு திரும்பிவிட்டது.

ஆகவே தன் மூளையைப் பற்றி ஆசீர்வாதத்துக்குப் பெரிய மயக்கம் ஒன்றும் கிடையாது. அவருடைய கர்வமெல்லாம் தன் வாயைப் பற்றித்தான். கேட்டில் நின்ற காலத்தில் யார் பையில் மாத்திரை, யார் பையில் பட்டைச்சாராயம், யார் பையில் யாருடைய போட்டோ என்று எல்லாம் பார்த்திருக்கிறார். ஒரு சொல் வெளியே போனதில்லை. இன்றைக்கும் ஒரு வழக்கு வந்தால், செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏலப்பாறைப் பக்கத்து அந்தோணியார் கோயிலுக்குப் போய் விண்ணப்பப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டுவிட்டு, நவநாள் பூசைக்குக் காத்திராமல் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். அந்தச் சீட்டில்கூடக் கட்சிக்காரர் பெயரை எழுத மாட்டார். சாமிக்கே பெயர் சொல்லாத ஆள் மனுஷனுக்கா சொல்லப் போகிறார்!

அந்தத் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஜெஸ்னா மாடிப்படி ஏறி வந்து ஒரு துணிப்பையை மேஜைமேல் கவிழ்த்தாள். ஒன்பது எண்ணெய்க் குப்பிகள் உருண்டன.

"என்ன அண்ணாச்சி, தொழில மாத்தீட்டமா? எண்ணெய்க்கடைன்னா சொல்லுங்க, நாளைக்கே பலகைய அழிச்சிருதேன். பாதி ஏற்கெனவே அழிஞ்சுதான் இருக்கு" என்றாள் மாரீஸ்வரி.

மாரீஸ்வரி அவருடைய உதவியாளர். முப்பது வயது. ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவள். முதலாவது ஆட்டு வழக்கில் சவாரி வந்து, 'இந்த மனுஷனத் தனியா விட்டா அடுத்து இவரத் தேடணும்' என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

"சும்மா இரு மாரி" என்றார் ஆசீர்வாதம். ஜெஸ்னாவின் கண்கள் சிவந்திருந்தன.

ஜெஸ்னாவை அவருக்கு முன்பே தெரியும். ஏலப்பாறை எஸ்டேட்டில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்து, விமானத்தில் பணிப்பெண்ணாகப் போனவள். இரண்டு வாரத்துக்கு முன்னால், இதேபோல ஒரு திங்கட்கிழமை, யோசனை கேட்டு வந்திருந்தாள். ஏதோ நோயில் தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, முடி திரும்ப முளைத்தால் முளைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொண்டை போட்ட பொய்முடியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலைக்கு ஏறும் ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை உண்டு. கொண்டை ஊசிக்கு மெஷின் கத்தும். பொய்முடியைக் கழற்றிக் காட்ட வேண்டும், அதுவும் வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்க.

'சோதனை வேண்டாம்னு சொல்லல சார். திரைக்குப் பின்னால வச்சுப் பாக்கலாம்ல?' என்று அன்றைக்குக் கேட்டாள். 'கேக்குறது உன் உரிமை தாயி, எழுதிக் கேளு' என்று சொல்லி, மனு எழுதவும் உதவியிருந்தார் ஆசீர்வாதம். திரையும் கிடைத்துவிட்டது. அவருடைய தொழில் வரலாற்றில் ஆடு சம்பந்தப்படாத முதல் வெற்றி அதுதான்.

"திரை கிடைச்சு என்ன சார் புண்ணியம்?" என்றாள் ஜெஸ்னா. "உங்களப் பாத்துட்டுப் போன மூணாம் நாளு, புதன்கிழமை, பக்கத்து லயத்துச் சாந்தம்மா அக்கா கதவத் தட்டுதாக. 'தலைக்குத் தேயி கண்ணு'ன்னு ஒரு குப்பி எண்ணெய். எங்க அம்மாதான் கதவத் தொறந்தாக. அம்மாட்ட நான் சொல்லவே இல்ல சார். லீவுக்கு வந்தா தலைய மூடிக்கிட்டேதான் படுப்பேன். பெத்தவ ஊரு சொல்லித் தெரிஞ்சுக்கிட்டா. அன்னைக்கு அம்மா சோறே திங்கல."

அவள் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சுக்கு எப்போதும் பதில் வைத்திருக்கும் மாரீஸ்வரி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வெளிய தெரிய வழியே இல்ல. வரிசையில நிக்கிறவங்களுக்கு என் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. என் தலையத் தொட்டுப் பாக்குறது ஒரே ஆளு. யோகப்பிரியான்னு, செக்கிங்ல இருக்க அக்கா. அவங்கதான் சொல்லியிருக்கணும். கம்பெனில வாயால சொல்லிட்டேன். நாளை மறுநாள் பத்து மணிக்கு எழுத்துல பராதி கொண்டுவரச் சொல்லியிருக்காங்க." ஒரு கவரை எடுத்து வைத்தாள். "பேரு எழுதியாச்சு. குடுத்தா அவங்க வேலை அன்னைக்கே போயிரும். அவங்கதான்னா போகட்டும். அவங்க இல்லன்னா, ஒரு குடும்பத்தோட சோத்துல மண்ணள்ளிப் போட்டவ ஆயிருவேன். எனக்குப் புதன்கிழமைக்குள்ள தெரியணும் சார்."

"மாப்ள வீட்ல?" என்று மெதுவாகக் கேட்டார் ஆசீர்வாதம். ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கும் சிஜுவுக்கும் அவளுக்கும் எட்டு மாதத்துக்கு முன்னால் நிச்சயமாகியிருந்தது.

"மூணு நாளா போனே இல்ல."

ஆசீர்வாதம் தன் நோட்டைப் பிரித்தார். நோட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஃபேக்டரியில் வேலை போன அன்று கையோடு கொண்டுவந்த பழைய கேட் ரிஜிஸ்டர் அது. ஒவ்வொரு தாளின் முதுகிலும் 'பரிசோதித்தவர்' என்று அச்சடித்து, அதற்கு நேரே அவர் முன்கூட்டியே போட்டு வைத்த கையெழுத்தும் இருக்கும். "போன தடவை சொன்னது இதுல இருக்கு. ஆறு மாசமா முடி கொட்டுது. சரிதானம்மா?"

ஜெஸ்னா குப்பிகளைப் பார்த்தபடி தலையசைத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கேன்" என்றாள் மாரீஸ்வரி. "இந்த எண்ணெய் குடுத்தவங்கள்ல யாராச்சும் கேலி பண்ணாங்களா?"

"இல்ல. அதுதான் புரியல. ஒருத்தர்கூடச் சிரிக்கல. எல்லாரும் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாங்க. யாரு சொன்னான்னு கேக்க எனக்கு வாயி வரல. 'ஆறு மாசமா இந்தக் கஷ்டமா கண்ணு'ன்னு."

"ஒம்பது பேரும் ஆறு மாசம்னுதான் சொன்னாங்களா?"

"ஒம்பது பேரும்."

"அண்ணாச்சி, இது வதந்தியே இல்ல. நம்ம எஸ்டேட்ல ஒரு வதந்தி ரெண்டு லயம் தாண்டுனா அதுக்கு வாலு முளைக்கும், மூணாவது லயத்துல கொம்பு முளைக்கும். இந்நேரம் ஜெஸ்னாவுக்கு ரெண்டு வருஷமா முடியில்ல, வெளிநாட்டுல ஆப்பரேஷன்னு ஆயிருக்கணும். இது ஒப்பிக்கிற பாடம் மாதிரி ஒரு எழுத்து மாறாம நிக்குது."

இது ஒரு நல்ல துப்பு என்று ஆசீர்வாதத்துக்கும் பட்டது. தனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்ற வருத்தத்தில், "அத நானும் கவனிச்சேன்" என்றார். மாரீஸ்வரி நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஜீப் மலையிறங்கியது. விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. யோகப்பிரியாவுக்குப் பத்து மணிக்கு டூட்டி முடிகிறது. வெளியிலேயே காத்திருந்திருக்கலாம். ஆனால் சம்பவ இடத்தைப் பார்க்காமல் எந்தத் துப்பறிவாளரும் விசாரித்ததில்லை என்று ஆசீர்வாதம் பிடிவாதம் பிடித்து, பார்வையாளர் சீட்டு இரண்டு வாங்கினார்.

நுழைவாசலில் மெஷின் வளைவுக்குள் கால் வைத்ததும் அது கத்தியது. சாவியை எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப நடந்தார். கத்தியது. பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தார். அப்போதும் கத்தியது. வாசலில் நின்ற இளைஞன் கைக்கருவியை அவர் உடம்பெங்கும் தடவி, அடிவயிற்றுக்கு வந்ததும் நிறுத்தினான்.

"எந்தா இது?"

ஆசீர்வாதத்துக்கு முகம் வியர்த்தது. "அது… ஒரு பெல்ட்டு" என்றார் தொண்டைக்குள்.

"ஏது பெல்ட்?"

அவர் அவன் காதருகே குனிந்து சொன்னார்.

"ஓ, ஹெர்னியா பெல்ட்டோ! செரி, சட்டையப் பொக்கிக் காணிச்சே" என்றான் அவன். அவன்மேல் குற்றமில்லை. இயல்பாகவே உரத்த குரல். ஆனால் பின்னால் வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பதின்மூன்றாவதாக மாரீஸ்வரி நின்றாள்.

சட்டையைத் தூக்கிக் காட்டினார். இரும்புத் தகடு வைத்த அந்தத் தோல் பெல்ட்டை மூன்று வருஷமாக மனைவிக்கும் டாக்டருக்கும் தவிர மூன்றாம் மனிதருக்குக் காட்டாமல் காப்பாற்றி வந்தவர். அந்த அரை நிமிஷம் தன் உடம்பு தன்னுடையதாக இல்லாமல் போனது போலிருந்தது. இந்தப் பெண் இதை வாரத்துக்கு ஐந்து தடவை பட்டிருக்கிறாள் என்று நினைத்தார். அவருக்கு நிஜமாகவே வலித்தது.

உள்ளே போனதும் மாரீஸ்வரியின் கேலிக்காக உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் அண்ணாந்து பார்த்தபடி நடந்து வந்தாள்.

"கூரை நல்ல உசரம் அண்ணாச்சி. நான் உள்ள வந்ததுலருந்து அதத்தான் பாத்துக்கிட்டே வாரேன்" என்றாள்.

யோகப்பிரியாவை வெளியே ஒரு டீக்கடையில் வைத்துப் பார்த்தார்கள். நாற்பது வயது. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரி. கணவருக்கு உடம்புக்கு முடியாததால் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் இவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, நானுங்களா? நானா போய்ச் சொல்லுவனுங்க?" இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "இந்தக் கையி ஒரு நாளைக்கு ஐநூறு பேரத் தொடுதுங்க. ஆரு வவுத்துல தையலு, ஆரு மாருல பஞ்சு, அல்லாந் தெரியுமுங்க. அதையெல்லாம் மனசுல வெச்சுட்டு ஊட்டுக்குப் போனா சோறு எறங்குமுங்களா? கையுறையக் கழட்டிக் குப்பையில போடறப்பவே அதையுஞ் சேத்துப் போட்டுருவனுங்க. எங்கூட்டுக்காரருகிட்டக்கூடச் சொன்னதில்லீங்க."

"ஜெஸ்னா விஷயம் உங்களுக்கு எத்தனை மாசமாத் தெரியும்?" என்று கேட்டார் ஆசீர்வாதம்.

"பதினோரு மாசமுங்க. போன ஓணத்துக்கு முந்துன வாரமுங்க, மொதத் தடவ கழட்டறப்ப அந்தப் புள்ள அழுதுச்சு பாருங்க, எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லீங்க. திரை இப்பத்தானுங்க வந்துச்சு. அதுவரைக்கும் நாந்தானுங்க திரை. முதுகு அகலமுன்னு எல்லாருஞ் சிரிப்பாங்கொ. அந்தப் புள்ளைக்கு அது ஒதவுச்சுங்க."

ஜீப் திரும்ப மலை ஏறும்போது ஆசீர்வாதம் தொடையில் தட்டினார். "மாட்டிக்கிட்டாளா இல்லையா! ஆறு மாசத்தப் பதினொண்ணுங்கா. பொய் சொல்லுதவளுக்குத் தேதி நிக்காது மாரி. கேட்டுல நின்ன அனுபவம். கேஸ் முடிஞ்சிது."

மாரீஸ்வரி ஒரு வளைவை எடுத்து முடித்தாள்.

"அண்ணாச்சி, ஊருல சுத்துற சேதில எத்தனை மாசம்?"

"ஆறு."

"யோகப்பிரியாக்காவுக்குத் தெரிஞ்சது?"

"பதினொண்ணு."

"அப்ப அவுக சொல்லியிருந்தா ஊருக்குள்ள பதினொண்ணுல்ல சுத்தணும்?"

ஆசீர்வாதம் வெளியே மழையைப் பார்த்தார். அடுத்த வளைவும் வந்து போனது.

"அத நானும் கவனிச்சேன்" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி. அதான் தொடையில தட்டுனீக."

ஏலப்பாறை போய்ச் சேரும்போது மணி மூன்றரை. எண்ணெய்க் குப்பியை முதலில் கொண்டுவந்தவள் சாந்தம்மாள் என்பதால், அவளைப் பிடித்தால் நூல் நுனி கிடைத்துவிடும் என்று மாரீஸ்வரி சொன்னாள். லயத்தில் அவள் இல்லை. இன்றைக்குச் செவ்வாய், அந்தோணியார் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். செய்தி கேட்டு ஜெஸ்னாவும், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

கோயிலுக்குள் சாந்தம்மாள் நெற்றியில் குங்குமத்தோடு நின்று, அந்தோணியார் சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு இந்தச் சாமி அந்தச் சாமி என்று யாரும் பார்ப்பதில்லை. வரிசையாக ஆறு மெழுகுவர்த்திகள் எரிந்தன.

"வாங்க கேட்டு சார்" என்றாள் அவரைப் பார்த்ததும். பதினைந்து வருஷம் அவர் சோதித்து அனுப்பிய தூக்குச்சட்டிக்காரி அவள். ஜெஸ்னாவைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. "ஒனக்குத்தான் கண்ணு ஏத்துதேன். ஆறு மாசக் கஷ்டம்லா, மாசத்துக்கு ஒண்ணு. எங்க மாரியாத்தாளுக்கும் நேந்திருக்கேன்."

"யாருக்கா சொன்னா ஒங்களுக்கு?" என்றாள் ஜெஸ்னா.

"யாரு சொல்லணும்? போன தடவைக்கு முந்துன செவ்வாய் நவநாள்ல உபதேசியார் விண்ணப்பம் வாசிச்சாருல்லா. கோயிலே அழுதுச்சே!"

ஆசீர்வாதத்தின் முதுகு நிமிர்ந்தது. ஒப்பிக்கிற பாடம் எங்கே படிக்கப்பட்டது என்று தெரிந்துவிட்டது. எவனோ ஒருவன் இந்தப் பெண்ணின் ரகசியத்தை எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறான்.

"அந்தப் பாவி மட்டும் கையில கிடைக்கட்டும்" என்று உறுமினார். "ஒரு வயசுப்புள்ள கஷ்டத்தக் கோயில்ல வச்சுத் தண்டோரா போட்டவன் மனுஷனா? நாக்குக்கு நரம்பில்லாத பய!"

சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் அருளப்பன் வெள்ளை வேட்டியில் மணியடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். வாசித்து முடித்த சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். அதைக் காட்டச் சொன்னதும், "விண்ணப்பம்லாம் ரகசியமாச்சே" என்று தயங்கினார்.

"மைக்குல வாசிச்ச ரகசியம்தான உபதேசியாரே" என்றாள் மாரீஸ்வரி.

டின் திறந்தது. மாரீஸ்வரி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு சீட்டில் அவள் கை நின்றது. வாசித்தாள். திருப்பி முதுகைப் பார்த்தாள். பிறகு அதைச் சட்டென்று மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"மை அழிஞ்சிருக்கு அண்ணாச்சி. ஒண்ணும் தெரியல. வாங்க, போயிருவோம்."

"எல்லாம் தெரியும். குடு இங்க" என்று ஆசீர்வாதம் பிடுங்கினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இந்தக் கணத்துக்காகத்தானே நாலு வருஷமாக அதைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டிருந்தார்! குரலைச் செருமிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

'விமானத்தில் பணிபுரியும் ஏலப்பாறைச் சகோதரி ஒருவர், ஆறு மாதமாகத் தலைமுடி முழுவதும் உதிர்ந்து, பொய்முடி அணிந்து, விமான நிலையச் சோதனையில் படும் துன்பம் நீங்க அந்தோணியாரை மன்றாடுகிறேன்.'

'மன்றாடுகிறேன்' வரும்போது குரல் இறங்கிவிட்டது. அந்த 'ன்' வாலை இப்படி நீட்டி எழுதுகிறவர் இந்த ஹைரேஞ்ச் மலை முழுக்க ஒருவர்தான். சீட்டைத் திருப்பினார். 'பரிசோதித்தவர்' என்று அச்சடித்து, நேரே கையெழுத்தும் இருந்தது.

பூதக்கண்ணாடியில் அந்தக் கையெழுத்து மிகப் பெரிதாகத் தெரிந்தது.

ஜெஸ்னாதான் முதலில் பேசினாள். கோபம்கூட இல்லாமல், களைத்துப்போன குரலில் பேசினாள்.

"நெசத்துல பதினோரு மாசம் சார். நிச்சயத்துக்கு மூணு மாசம் முந்தியே கொட்டிருச்சு. அத மறைச்சு நிச்சயம் பண்ணவன்னு நீங்க நெனச்சிரக் கூடாதுன்னுதான் ஆறுன்னு சொன்னேன். நிச்சயத்துக்கு அப்பறம் வந்த நோயின்னா பாவமில்லல்ல? அந்தப் பொய்ய நான் ஒரே ஒருத்தர்ட்டதான் சார் சொன்னேன்."

"பேரு எழுதல்லியேம்மா" என்றார் ஆசீர்வாதம். தனக்கே கேட்காத குரலில் சொன்னார். "நான் ஒருநாளும் பேரு எழுதுறதில்ல."

"ஏலப்பாறையில விமானத்துல வேலை பாக்குற சகோதரி எத்தனை பேரு சார்?"

ஆசீர்வாதம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். எண்ணுவதற்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

ஐநூறு பேரைத் தொடுகிற கை ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாயாடி என்று பெயரெடுத்த மாரீஸ்வரி காலையிலிருந்து இரண்டு ரகசியத்தை விழுங்கியிருக்கிறாள். வாய் இறுகியவன் என்று மார்தட்டிய ஒரே ஆள்தான் மைக்கில் ஏறியிருக்கிறான். இருபத்திரண்டு வருஷம் அத்தனை பேர் பையையும் சோதித்தவன், தன் சட்டைப்பையில் கிடந்த சீட்டைச் சோதிக்கவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவமானத்தைவிட, அந்தத் தாய் சோறு தின்னாமல் இருந்ததை நினைக்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"மன்னிச்சிரு தாயி. நல்லதுன்னு நெனச்சு செஞ்சேன். நாளைக்கு நானே வந்து கம்பெனிக்காரங்க முன்னால சொல்லுதேன், தப்பு எம்மேலன்னு."

ஜெஸ்னா கைப்பையிலிருந்து அந்தக் கவரை எடுத்தாள். யோகப்பிரியாவின் பெயர் எழுதிய தாளை நாலாகக் கிழித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பக்கத்தில் குடையில்லாமல் நின்று பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது துப்பட்டா நனைந்திருந்தது.

"சிஜு அம்மாட்ட பேசினேன். பதினோரு மாசம்னு சொல்லிட்டேன்" என்றாள். "அவங்களுக்கு முதல்லயே தெரியுமாம் சார்."

"யாரு சொன்னா?" என்று அலறினார் ஆசீர்வாதம், இன்னொரு சீட்டு எழுதிவிட்டோமோ என்ற பயத்தில்.

"நிச்சயத்தன்னைக்கு எனக்குப் பூ வச்சது அவங்கதான? கொண்டையத் தொட்டதுமே தெரிஞ்சிருச்சாம். எட்டு மாசமா வாயே திறக்கல. 'நீயாச் சொல்லுற வரைக்கும் இருப்போம்'னு இருந்திருக்காங்க. எவனோ கோயில்ல எழுதிப் போட்டுட்டான்னு இப்பத்தான் கேள்விப்பட்டாங்களாம், அந்தக் கோவத்துலதான் மூணு நாளா யாரோடயும் பேசலையாம்." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அந்த ஆளு கையில கிடைச்சா ஒலக்கையால போடுவாங்களாம்."

"குடுத்திருவோமா?" என்றாள் மாரீஸ்வரி.

"வேண்டாம். இவருக்கு நான் ஒரு தண்டனை வச்சிருக்கேன்" என்றாள் ஜெஸ்னா. "இன்னைக்கும் நவநாள்தான? ஒங்களுக்காக ஒரு விண்ணப்பம் எழுதுங்க சார். பேரு போட வேண்டாம்."

ஆசீர்வாதம் ரிஜிஸ்டரில் ஒரு தாளைக் கிழித்தார். 'வண்டிப்பெரியாரில் துப்பறியும் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர், தன் கையையும் வாயையும் அடக்கி ஆள வரம் வேண்டி' என்று எழுதினார். பேனாவை மூடப் போனவர் கொஞ்சம் யோசித்தார். காலையில் சட்டையைத் தூக்கி நின்ற அந்த அரை நிமிஷம் ஞாபகம் வந்தது. எடுத்த அளவுக்குத் திருப்பிக் கொடுப்பதுதானே நியாயம். இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மாரீஸ்வரி, "அண்ணாச்சி, அது வேண்டாம். அத யாருமே கேக்கல" என்று பதறினாள்.

"இருக்கட்டும் மாரி. கணக்கு நேராகட்டும்."

அன்றைக்கு மூன்று மணி பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. போட்ட சீட்டு வாசிக்கப்படுவதை முதல் தடவையாக உட்கார்ந்து கேட்டார். உபதேசியார் அருளப்பன் மைக்கைத் தட்டிவிட்டு, அவருடைய இயல்பான கனத்த குரலில் வாசித்தார்:

"வண்டிப்பெரியாரில் துப்பறியும் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர், தன் கையையும் வாயையும் அடக்கி ஆள வரம் வேண்டியும், மூன்று வருஷமாக மறைவாகப் பெல்ட் கட்டிச் சமாளித்துவரும் குடலிறக்க நோயிலிருந்து அவர் குணம் பெறவும், மன்றாடுவோமாக."

பெயர் சொல்லப்படவில்லை. ஆனாலும் கோயிலில் இருந்த இருநூறு தலைகளும் ஒன்றாகத் திரும்பி நாலாவது பெஞ்சைப் பார்த்தன. முன்வரிசையில், நவநாளுக்கு வந்திருந்த அம்மா பிலோமியின் தோளில் முகம் புதைத்து ஜெஸ்னா குலுங்குவதை அவர் பார்த்தார். இந்தத் தடவை அழுகை இல்லை. அதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கொஞ்சம் லேசானது.

புதன்கிழமை பத்து மணிக்கு விமானக் கம்பெனி விசாரணையில் அவர் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். யோகப்பிரியா அன்று மத்தியான டூட்டிக்கு எப்போதும் போல வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் மாரீஸ்வரி பலகையில் 'ரகசியம்' என்று திரும்ப எழுதலாமா வேண்டாமா என்று பிரஷ்ஷும் கையுமாக யோசித்துக்கொண்டிருந்தபோது, சாந்தம்மாள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள். மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். விளக்கெண்ணெய்.

"அடிவயித்துல சூடாத் தடவுங்க கேட்டு சார்" என்றாள். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னாள்.

கீழே குடை ரிப்பேர்க் கடையில் நின்றுகொண்டிருந்த நாலு பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.